பையில் இரு படிக்கற்கள்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் குடும்பத் தலைவர்கள் நாலைந்து பேர் கூடி நின்றால், பேச்சு எப்படியும் நாட்டு நடப்பின் பக்கம் திரும்பிவிடும். "கோழி திருடினவன் உள்ளே, கோடி திருடினவன் வெளியே" என்பார் ஒருவர். மற்றவர்கள் பெருமூச்சு விட்டுத் தலையசைப்பார்கள். பின்னர் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். அந்தத் தலையசைப்போடு நமது கடமை முடிந்துவிட்டதா என்பதை இம்மாதம் சற்றே சிந்திப்போம்.

எந்தக் கட்சியையும் தூற்றுவது நமது நோக்கமன்று. வேதாகமத்தின் ஒளியில் ஓர் உண்மையைப் பார்க்கவே விழைகிறோம். கனத்தது ஒன்றும் இலேசானது ஒன்றுமாக இரு படிக்கற்களைப் பையில் வைத்திருக்கலாகாது என்று உபாகமம் 25-ஆம் அதிகாரம் வணிகனை எச்சரிக்கின்றது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் அதே நேர்மையை நீதி வழங்குவோரிடம் கேட்கின்றது. பெரியவர் என்று முகத்தாட்சணியம் பார்க்கலாகாது. அதுமட்டுமன்று, ஏழை என்பதற்காகவும் தராசை ஒருபுறம் சாய்க்கலாகாது. கேட்கப்படுவது சலுகையன்று, சம நீதி.

நமது அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவும் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றே முழங்குகின்றது. திருட்டுக்கு மந்திரிக்கு ஒரு தண்டனை, மண் சுமப்பவனுக்கு ஒரு தண்டனை என்று எச்சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அப்படியாயின் ஏற்றத்தாழ்வு எவ்வழியாக நுழைகின்றது? பெரும்பாலும் காலத்தின் வழியாகவே நுழைகின்றது என்போம். எப்போது ஜாமீன், எப்போது விசாரணை, எப்போது மேல்முறையீடு என்னும் மூன்று கடிகாரங்களும் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு ஜாமீன் வழங்குமாறு உச்ச நீதிமன்றமே ஆணையிட்டது. கீழ் நீதிமன்றமோ 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது. பிணை நிற்க முன்வந்த உடன்பிறந்தவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்த காரணத்தால் அவரையும் ஏற்க மறுத்தது. கொத்தனார் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. நீதிபதி கிருஷ்ணய்யர் பிணைத் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்து, ஏழைக்கு எட்டாத தொகையைக் கேட்பதன் அநீதியைக் கண்டித்தார்.

அடுத்த ஆண்டு, 1979-இல், பீகார்ச் சிறைகளின் நிலை வெளிச்சத்துக்கு வந்தது. விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய மிக உயர்ந்த தண்டனைக் காலத்தையும் கடந்து சிலர் உள்ளே இருந்தார்கள். குற்றவாளிகள் என்று தீர்ப்பாகியிருந்தால் அவர்கள் முன்பே வீடு திரும்பியிருப்பார்கள்! விரைவான விசாரணை குடிமகனின் அடிப்படை உரிமை என்று நீதிபதி பகவதி அந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில்தான் அறிவித்தார். ஆயினும் 2022-ஆம் ஆண்டு இறுதியில்கூட இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகளே.

மறுபுறம் நோக்குவோம். வருமானத்துக்கு மேல் சொத்துச் சேர்த்ததாக முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா மீதும் வேறு மூவர் மீதும் தொடரப்பட்ட வழக்கு 1996-இல் தொடங்கியது. பெங்களூரு தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 செப்டம்பர் 27-இல். நான்காண்டுச் சிறையும் அவருக்கு 100 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. மூன்று வாரங்களுக்குள் ஜாமீன் கிடைத்தது. எட்டு மாதங்களுக்குள், 2015 மே மாதம், மேல்முறையீட்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலையும் அளித்தது. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத்தின் தீர்ப்பை மீண்டும் நிலைநாட்டியபோது அவர் உயிரோடு இல்லை. மற்ற மூவரே சிறை சென்றனர்.

மேல்முறையீடு விரைவில் கேட்கப்பட்டதை நாம் குறை கூறவில்லை. அது நியாயமே. அந்த விரைவு எல்லாருக்கும் கிட்டாததே நமது வருத்தம். அதுபோலவே, முதல் தீர்ப்புக்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றது யாருக்கு நன்மை? குற்றம் செய்தவரெனில் தண்டனை தவறுகின்றது. செய்யாதவரெனில் பழி நீளுகின்றது.

சட்டத்திலேயே இரு படிக்கற்கள் இருந்ததும் உண்டு. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற குடிமகன் தேர்தலில் நிற்கத் தகுதியிழப்பான். ஆனால் பதவியிலிருக்கும் உறுப்பினர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் அது முடியும்வரை பதவியில் நீடிக்கலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவு இடமளித்தது. வழக்கறிஞர் லில்லி தாமஸ் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. அதே நாளில், சிறையிலிருப்பவர் தேர்தலில் நிற்க முடியாதென்றும் அது தீர்ப்பளித்தது. நாடாளுமன்றமோ அதே ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, நிற்கலாம் என்றாக்கியது. ஆகவே தீர்ப்புக்குக் காத்திருக்கும் விசாரணைக் கைதி சிறையிலிருந்தபடியே வேட்பாளராகலாம். ஆனால் வாக்களிக்க முடியாது! யாருக்குத் தேவையானதோ அந்தக் கதவு மட்டும் திறந்தது.

இவ்விடத்தில் திருச்சி மண் ஈந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமியை நினையாதிருக்க இயலவில்லை. ஜார்க்கண்டில் விசாரணையின்றிச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்களுக்காக நீதிமன்றம் சென்றவர் அவர். 2020 அக்டோபர் 8-இல் அவரே கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயினால் குவளையைப் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சு குழலுக்காகவும் விண்ணப்பிக்க நேர்ந்தது. 2021 ஜூலை 5-இல், தமது 84-ஆம் வயதில், விசாரணைக் கைதியாகவே மும்பையில் உயிர் துறந்தார். யாருக்காக வாதாடினாரோ அவர்களில் ஒருவராகவே அவர் மறைந்தார்.

சரி, நாம் என் செய்வது? முதலில் நமது பையைச் சோதிப்போம். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை நாத்தான் சொன்னபோது தாவீது அரசர் கொதித்தெழுந்து மரண தண்டனையே கூறினார். அச்செல்வன் தாமே என்று உணரும்வரைதான் அந்தக் கொதிப்பு. நம் உறவினர் மகன் பணத்தைக் கையாடினால் "தெரியாமல் செய்துவிட்டான்" என்கிறோம். வேலைக்காரச் சிறுமிமீது ஐயம் விழுந்தால் உடனே காவல் நிலையம் செல்லச் சொல்கிறோம். நம் பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் நீதியைக் கற்கிறார்கள்.

அடுத்து, அறிந்ததை அயலாருக்குச் சொல்வோம். சிறைக் காவலில் உள்ள எவருக்கும் அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தந்திருக்கின்றது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவின்படி, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் அக்குற்றத்துக்குரிய உயர்ந்த தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடுதலை பெற வழியுண்டு. மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதை அறியாமலே எத்தனை தாய்மார் கண்ணீரோடு சிறை வாயிலில் நிற்கின்றனர்!

ஆகஸ்டு மாதம் இரண்டாம் ஞாயிற்றை இந்தியத் திருச்சபை சிறைப் பணி ஞாயிறாகக் கொண்டாடுகின்றது. அன்று காணிக்கைத் தட்டில் ஒரு நாணயம் இடுவதோடு நில்லாமல், நமது பங்கிலே சிறை சென்றவரின் குடும்பம் எது, அவர்களுக்குப் பிணை நிற்க ஆளுண்டா என்று பங்குத்தந்தையோடு சேர்ந்து விசாரிப்போம். தாம் சிறையிலிருந்தபோது நாம் பார்க்க வந்தோமா என்றுதானே இறுதி நாளில் ஆண்டவர் நம்மைக் கேட்கப் போகின்றார்? அந்த நீதிமன்றத்தில் படிக்கல் ஒன்றே. மந்திரிக்கும் அதுவே, மண் சுமப்பவனுக்கும் அதுவே, நமக்கும் அதுவே.