கத்தரிக்கோலை ஓரமாக வையுங்கள்!

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியாச்சு. எட்டாவது முடித்த என் பையன் காலையில் எழுந்ததும் போனைத் தேடுகிறான், ராத்திரி படுக்கும்போதும் அதுதான் கையில். உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? நானும் திட்டிப் பார்த்தேன், போனை அரிசி டப்பாவில் ஒளித்தும் பார்த்தேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது எங்கம்மாவின் தகரப் பெட்டி.

போன மாதம் வாழைத் தோட்டத்து வேலையாக இவர் வெளியூர் போயிருந்தபோது, துணைக்கு அம்மா படவேட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்தார். வரும்போது அந்தப் பெட்டியையும் கொண்டு வந்தார். உள்ளே அப்பா மும்பையிலிருந்து எழுதிய இன்லண்டு லெட்டர்கள், முப்பதுக்கும் மேலே. அம்மாவுக்குப் படிக்க வராது. "கண்ணு, ஆயாவுக்கு ஒண்ணு படிச்சுக் காட்டு" என்றார் என் பையனிடம். அவனும் கூட்டிக் கூட்டிப் படித்தான். நடுவில் நின்றுவிட்டான்.

"ஆயா, இங்க ஓட்டையா இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஓட்டையைப் போட்டவள் நான்தான். ஒன்பது, பத்து வயசில் எனக்குத் தபால்தலைப் பைத்தியம். இன்லண்டு லெட்டரில் அச்சடித்திருந்த மயில் அத்தனை அழகு! ஒட்டின தலைக்கும் அச்சடித்த தலைக்கும் வித்தியாசம் தெரியாத வயசு. கத்தரிக்கோலை எடுத்து மயிலை மட்டும் சதுரமாக வெட்டிக் கொண்டேன். மயிலுக்குப் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அதுவும் சேர்ந்து போயிற்று. ஒன்பது கடிதத்தில் அப்படி ஓட்டை. 1996-ல் அப்பா தவறிப் போனார்.

பையன் படித்த வரி இதுதான்: "பாப்பாவுக்கு வாங்கி அனுப்ப வேண்டும் என்று" — அதற்கப்புறம் ஓட்டை. "கொலுசு" என்றார் அம்மா உடனே. "கொலுசு வாங்கித் தர்றேன்னுதான் எழுதியிருந்தாரு." மறுநாள் அதே கடிதத்தைப் படிக்கச் சொன்னபோது, "பாவாடைத் துணி" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

அதனால்தான் சகோதரிகளே, தபால்தலை சேர்ப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. இன்லண்டு லெட்டர், போஸ்ட் கார்டு, தலை அச்சடித்த உறை எதுவானாலும் வெட்டாமல் முழுசாக வையுங்கள். வெட்டினால் சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்பும் குறைந்துவிடும். ஒட்டிய தலையே ஆனாலும், முத்திரையில் ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்திருந்தால் உறையோடு வைப்பதுதான் நல்லது.

பையன் ஓட்டையைப் பார்த்த அன்றே, "ஸ்டாம்ப் சேர்த்தா என்னம்மா கிடைக்கும்?" என்று கேட்டான். பரவாயில்லை, போனை விட்டுத் தலை நிமிர்ந்தானே! ஆளுக்கொரு காப்பியோடு உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

தபால்தலையில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று அன்றாடப் புழக்கத்துக்கானது. சின்னதாக இருக்கும், தீரத் தீர வருஷக்கணக்கில் அச்சடிப்பார்கள். நம் வீட்டு சாம்பார்ப் பொடி மாதிரி. இன்னொன்று நினைவுத் தபால்தலை. ஒரு தலைவருக்கோ விழாவுக்கோ ஒரு தடவைதான் அச்சடிப்பார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இது தீபாவளி அதிரசம். எல்லாரும் அதிரசத்துக்குத்தான் ஓடுகிறார்கள். எனக்கென்னவோ சாம்பார்ப் பொடியின் மேல்தான் ஆசை. முட்டையிலிருந்து எட்டிப் பார்க்கும் கோழிக்குஞ்சு, வெடித்த பருத்தி, கைத்தறி நெசவு, ரப்பர் பால் எடுப்பது என்று நாம் சிறுவயதில் பார்த்த தலைகள் ஞாபகம் இருக்கிறதா? 1979, 80-களில் வந்த வரிசை அது. நம் அம்மா அப்பாக்கள் எச்சில் தொட்டு ஒட்டியதெல்லாம் அதைத்தான். காசு கொடுத்து வாங்காமலே சேர்க்கலாம், பழைய கடிதக் கட்டு இருந்தால் போதும்.

சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21-ல் வந்தது. தேசியக் கொடியும் 'ஜெய்ஹிந்த்' என்ற எழுத்தும் போட்டு, விலை மூன்றரை அணா. 1952-ல் துளசிதாசர், கபீர்தாசர் இவர்களோடு பக்த மீராவும் தலையில் இடம்பிடித்தார். நம் திருவள்ளுவரும் பாரதியாரும் 1960-ல் வந்தார்கள், இரண்டுமே 15 நயா பைசா. எம்.எஸ். அம்மாவுக்கு 2005-ல் வந்தது. பெண்கள் படம் போட்ட தலைகளை மட்டும் தனியாகச் சேர்த்தால்கூட ஒரு ஆல்பம் நிறையும். உங்கள் பெண் குழந்தைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் ஜவ்வாது மலைக்காரர்களுக்குப் பிடித்தது 2006 டிசம்பரில் வந்த சந்தனத் தபால்தலை. நம் நாட்டில் வாசனையோடு வந்த முதல் தலை அது, விலை 15 ரூபாய். விரலால் லேசாகத் தேய்த்தால் மணக்கும். அடுத்த வருஷம் ரோஜா, 2008-ல் மல்லிகை! சந்தன மரத்தைக் கடத்துகிறவர்கள் கதையைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு, பதினைந்து ரூபாய்க்குச் சந்தனம் தபாலாபீசில் கிடைக்கிறது என்றால் சிரிப்பு வராதா?

என் அண்ணன் மகள் மெல்போர்னில் நர்ஸாக இருக்கிறாள். "அத்தை, தினமும் வாட்ஸ்அப்ல பேசறோமே, கடுதாசி எதுக்கு?" என்றாள். "கடுதாசி வேணாம்டி, காலி உறையா இருந்தாலும் போதும், தலையை ஒட்டி அனுப்பு" என்றேன். அனுப்புகிறாள், நல்ல பெண். ஆஸ்திரேலியத் தலைகள் ஒரு தனிச் சுவை. 1913-ல் அந்த நாடு முழுவதற்குமாக வந்த முதல் தலையில், ராஜா முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாட்டின் வரைபடமும் நடுவே ஒரு கங்காருவும்! ராஜா அந்த வருஷக் கடைசியில்தான் வந்தார். 1957-லிருந்து கிறிஸ்துமஸுக்கென்றே தலை வெளியிடுகிறார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கிய அந்த நாட்டு வீரர்களுக்கு மறுநாளே தலை அச்சடித்து விற்றார்கள் என்றதும் என் பையன் வாயைப் பிளந்தான்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் இப்போது வருகிற தலைகள் பல ஸ்டிக்கர் மாதிரி. தண்ணீரில் போட்டால் சுலபத்தில் வராது. அவற்றைச் சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு, உறையோடு வெட்டி அப்படியே வைத்து விடுங்கள்.

சாதாரணப் பசைத் தலையை எடுப்பது எப்படி? உறையைத் தலையைச் சுற்றி ஒரு விரல்கடை விட்டு வெட்டி, அகலமான பேசினில் பச்சைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். கால் மணி, இருபது நிமிஷத்தில் தலை தானாக நழுவும். அவசரப்பட்டுப் பிய்த்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும். சிவப்பு, பச்சை உறைகளைத் தனியாக ஊற வைக்க வேண்டும், சாயப் புடவையைத் தனியாக நனைப்போமே, அதுபோல. நழுவிய தலையைப் பின்பக்கத்துப் பசை போக அலசி, வெள்ளைப் பருத்தித் துணியில் கவிழ்த்துக் காய வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். முக்கால் காய்ந்ததும் கனமான புத்தகத்துக்குள் வைத்தால் சுருளாது.

ஆல்பத்தில் ஒட்ட ஃபெவிகால், செல்லோடேப், சோற்றுப் பசை எதுவும் ஆகாது. அதற்கென்றே விற்கும் ஹிஞ்ச் என்ற மெல்லிய காகிதம் போதும், இல்லையென்றால் செருகி வைக்கும் ஆல்பம். எடுக்க முனை தட்டையான ட்வீசர் வாங்குங்கள். எண்ணெய்க் கையோடு தொட்டால் கறைதான். எங்கள் ஊரில் மார்கழிப் பனிக்கு எல்லாமே நமுத்துப் போகும். அதனால் ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் பீரோவில் நிற்க வைத்திருக்கிறேன்.

பணம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். இப்போது வரும் நினைவுத் தலைகள் லட்சக்கணக்கில் அச்சாகின்றன, அதை நம்பிப் பெண் கல்யாணத்துக்குச் சேர்க்க முடியாது! 1948-ல் வந்த காந்தி பத்து ரூபாய்த் தலைக்கு நல்ல விலை உண்டு. ஆனால் யாராவது உங்களிடம் மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள், போலி அதிகம். என் பையனும் ஒரு திருவிழாக் கடையில் 'அபூர்வ வெளிநாட்டுத் தலை' என்று 200 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் வாங்கி ஏமாந்தான். முத்திரை விழுந்திருந்தது, திருப்பினால் பின்பக்கம் பசை புதுசாக மின்னியது. தபாலில் போகாமலே முத்திரை குத்தி விற்கிற சரக்கு அது.

இன்னொன்று இருக்கிறது. ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, தபால் துறை 2017-ல் 'தீனதயாள் ஸ்பர்ஷ்' என்ற உதவித் தொகையைத் தொடங்கியது. தேர்வானால் மாதம் 500 வீதம் வருஷத்துக்கு 6,000 ரூபாய். போன வகுப்பில் 60 சதவீத மார்க்கும், பள்ளியில் தபால்தலை மன்ற உறுப்பினராகவோ சொந்தமாகத் தபால்தலை சேமிப்புக் கணக்கு உள்ளவராகவோ இருப்பதும் நிபந்தனை. வினாடி வினாவும், சேகரித்த தலைகளை வைத்து ஒரு படைப்பும் உண்டு. பெரிய தபாலாபீசில் விசாரியுங்கள். அந்தக் கணக்கு இருந்தால் புதுத் தலைகள் வீட்டுக்கே வரும். சின்ன ஊர்த் தபாலாபீசில் நினைவுத் தலை கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாளைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம், "பழைய கவர் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பேன்.

மயில் கதையை விட்டுவிட்டேனே. அம்மா ஊருக்குத் திரும்பினதும் அண்ணன் வீட்டுப் பரணில் தேடச் சொன்னேன். என் பழைய நோட்டு கிடைத்தது! சோற்றுப் பசையால் ஒட்டிய ஆறு மயில்கள். மீதி மூன்று எங்கே போனதோ. ஒட்டியதற்குப் பின்னால்தான் அப்பாவின் எழுத்து. தண்ணீரில் போட்டால் மை கரைந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

கடைசியில் இட்லிப் பானையை எடுத்தேன். அடியில் ஈரத் துணி, மேலே துணி விரித்த இட்லித் தட்டு, அதில் நோட்டுத் தாளோடு வெட்டிய மயில்கள். அடுப்பு மூட்டக் கூடாது. மூடி போட்டு ஒரு ராத்திரி வைத்தேன். ஈரக் காற்றிலேயே பசை இளகும் என்பது தபால்தலைக்காரர்களுக்குத் தெரிந்த முறைதான். காலையில் ட்வீசரால் மெல்ல நகர்த்தினேன். இரண்டில் எழுத்து நோட்டுத் தாளோடேயே போய்விட்டது. இரண்டில் சும்மா வெற்றிடம். ஒன்றில் "மழை" என்ற வார்த்தை மட்டும். ஆறாவதில் அப்பா பால்பாயிண்டில் எழுதியது அப்படியே இருந்தது. பையன்தான் அதைக் கடிதத்தின் ஓட்டையில் பொருத்திப் பார்த்தான். "ரப்பர் செருப்பு. அளவு தெரியவில்லை. காலை நூலில் அளந்து" என்று மூன்று வரி.

அன்று மத்தியானமே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"செருப்பா?" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆமாண்டி. நீலக் கலரு. நூலு அனுப்பினப்ப அளவு சரியாத்தான் இருந்துச்சு. அவரு லீவு கிடைச்சு கொண்டாந்து சேர்றதுக்குள்ள உன் காலு வளந்துடுச்சு."