மிளகுக்கு விலை உண்டு, ஏறியவனுக்கு?

மிளகு விலை ஏறினால் ஏட்டிலே செய்தி வருகிறது. இறங்கினாலும் வருகிறது. மிளகு பறிக்க மரமேறியவன் கால் தவறி விழுந்தால் மட்டும் ஊர் ஒரு சொல்லோடு வாயை மூடிக்கொள்கிறது: “தலையெழுத்து!”

எவன் எழுதிய எழுத்து, தோழர்களே?

திருப்புலி நாட்டிலும் கொல்லிமலையின் மற்ற நாடுகளிலும் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு உயரமாய்ப் படர்கிறது. அறுவடைக் காலத்தில் அதன் மேல் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்க்கிறார்கள். கணுவிலே விட்டுவைத்த கட்டைதான் படி. பெருவிரல் பதியும் இடம்தான் பாதுகாப்பு! விடியலில் மூங்கில் பனியில் நனைந்திருக்கிறது. தோளிலே பை கனக்கிறது. சில்வர் ஓக் கிளையோ எளிதில் முறியும் கிளை. இத்தனைக்கும் நடுவே ஒரு கையால் பிடித்து, மறு கையால் பறிக்கிறான் மலையாளிப் பழங்குடித் தொழிலாளி. அவன் விழுவதில் வியப்பென்ன? விழாமல் இறங்குகிறானே, அதுவன்றோ வியப்பு!

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, தரையும் படியும் வழுக்காமல் இருக்கவேண்டும், உயரத்தில் வேலை செய்பவன் விழாதபடி தடுப்பு வேண்டும் என்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் ஆலைக்குள்ளே! 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதுவும் பரப்பைப் பார்த்து, ஆள் தலையை எண்ணி, பெரிய தோட்டத்துக்குள் மட்டுமே நுழைந்தது. 2020-இல் 13 சட்டங்களை ஒன்றாக்கிப் பணியிடப் பாதுகாப்புக்கென ஒரே தொகுப்பு நிறைவேறியது. அதிலும் பொது விதி, பத்துப் பேராவது வேலை செய்யும் இடம் என்பதே. இரண்டு பேர் கூலிக்கு ஏறுகிற ஓர் ஏக்கர் மிளகுக்காடு இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது?

விழுந்து சாவோர் உலகெங்கும் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கணக்குச் சொன்னது. அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஏழை, நடுத்தர வருவாய் நாட்டவர். தலையெழுத்து ஏழை நாடாய்ப் பார்த்தா எழுதப்படுகிறது?

வேண்டுவது மிகப் பெரிய செலவல்ல. ஏணியின் தலையை மரத்தோடு கட்டவேண்டும். அடியிலே ஓர் ஆள் பிடிக்கவேண்டும். தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் பட்டையும் உறுதியான கயிறும் வேண்டும். பனி உலர்ந்த பிறகே ஏறவேண்டும். இவற்றுக்கான பணம், மரத்துக்குச் சொந்தக்காரரோ குத்தகை எடுத்த வணிகரோ தரவேண்டிய பணம். கூலியிலே பிடிக்கும் பணமல்ல.

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். கயிறு கட்டியவனைக் “கோழை” என்று கேலி செய்வது நம்மிலேதான் நடக்கிறது. முதல் நாள் போதை தெளியாமல் ஏறுவதும் நடக்கிறது. விழுந்தவனைக் கைகால் பிடித்துத் தூக்கி ஓடுகிறோம். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே அவனை முடமாக்கிவிடும். பலகையிலே அசையாமல் கிடத்திக் கட்டவேண்டும். செம்மேட்டு மருத்துவமனையோடு தீராத காயமென்றால், காரவள்ளிக்கு இறங்கும் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவன் உடல் குலுங்கவேண்டுமே! 108-ஐ அழைத்துவிட்டுக் காத்திருப்பது கோழைத்தனம் ஆகாது.

வீட்டிலே மட்டும் என்ன வாழ்கிறது? தண்ணீர் சிந்திய வாசற்படி, பாசி பிடித்த குளியல் கல், விளக்கில்லாத கொல்லைப்புறம், ஆடுகிற பரண் ஏணி. மரத்திலே தப்பியவனின் தாய் இங்கே விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறாள். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாசியைத் தேய்க்க எந்தச் சட்டமும் வரவேண்டியதில்லை. ஆண்பிள்ளை குனிந்தால் போதும்.

ஆடிப் பதினெட்டையொட்டி வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. எடுக்கட்டும்! அந்த மேடைக்கு வரும் அமைச்சரிடம் மனு கொடுப்போம்: ஓரியின் மலையிலே மரமேறும் ஒவ்வொருவர் பெயரும் பதிவாக வேண்டும், ஆளுக்கொரு கயிறும் பட்டையும் அடுத்த அறுவடைக்கு முன் வந்தாகவேண்டும் என்று. கையெழுத்து வாங்கும் வேலையைக் கிளைத் தோழர்கள் திருப்புலி நாட்டிலேயே தொடங்கலாம்.