விக்ராந்த்தின் முதல் ஆண்டு: கப்பல் தயார், விமானங்கள் தயாரா?

இந்தியா சொந்தமாகக் கட்டிய முதல் விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த். அது கடற்படையில் சேர்ந்து 2023 செப்டம்பர் 2ஆம் தேதியோடு ஓராண்டு ஆனது.

கொச்சியில் நடந்த விழா உங்களுக்கு நினைவிருக்கலாம். பிரதமர் நரேந்திர மோடி இந்தியக் கடற்படையின் புதிய கொடியையும் அறிமுகம் செய்த நாள் அது. ஆனால் அன்றுவரை அந்தக் கப்பலில் ஒரு போர் விமானம்கூடப் பறந்து வந்து தரையிறங்கியதில்லை.

விமானமே இறங்காத விமானந்தாங்கிக் கப்பலா? ஆமாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த வேலையைச் செய்து முடிக்கத்தான் முதல் ஆண்டு.

அந்த ஓராண்டில் என்ன நடந்தது, இன்னும் என்ன பாக்கி, சிங்கப்பூரில் இருக்கும் நாம் இதை ஏன் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படை விவரங்கள்

- நீளம்: 262 மீட்டர். அகலம்: 62 மீட்டர்
- எடை: சுமார் 45,000 டன்
- வேகம்: மணிக்கு 28 கடல் மைல் வரை
- பணியாளர்கள்: சுமார் 1,600 பேர்
- விமானங்கள்: போர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சேர்த்து 30 வரை
- செலவு: சுமார் 20,000 கோடி ரூபாய் (ஏறத்தாழ 3.3 பில்லியன் வெள்ளி)

கப்பலுக்குள் 14 தளங்கள், 2,300 அறைகள், 16 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. 2009இல் அடித்தளம் போடப்பட்டது. 2013இல் முதன்முறையாகத் தண்ணீரில் இறங்கியது. 2021 ஆகஸ்ட்டில் கடல் சோதனைகள் ஆரம்பித்தன. கட்டி முடிக்கவே 13 ஆண்டுகள் ஆகிவிட்டன.

பெயர் புதிதல்ல. பிரிட்டனிடமிருந்து வாங்கப்பட்ட முதல் விக்ராந்த் 1961இல் சேவையில் சேர்ந்தது. 1971 போரில் வங்காள விரிகுடாவிலிருந்து அதன் விமானங்கள் சிட்டகாங், காக்ஸ் பஜார் பகுதிகளைத் தாக்கின. 1997இல் அது ஓய்வுபெற்றது.

சேவையில் சேர்ந்துவிட்டால் போருக்குத் தயார்னு அர்த்தமா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான்.

சேவையில் சேர்ப்பது என்றால், கப்பல் கட்டுமானத் தளத்தின் பொறுப்பு முடிந்து அது கடற்படையின் கைக்கு வருகிறது. இயந்திரங்கள் ஓடுகின்றன, கப்பல் மிதக்கிறது, பணியாளர்கள் இருக்கிறார்கள். விமானங்கள் அதிலிருந்து பகலிலும் இரவிலும் கிளம்பி, பத்திரமாகத் திரும்ப முடியுமா என்பது தனிக் கேள்வி.

அது ஏன் அவ்வளவு கஷ்டம்? சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதையை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 4 கிலோமீட்டர். விக்ராந்த்தில் விமானம் இறங்கக் கிடைப்பது சுமார் 200 மீட்டர்தான். அதுவும் சும்மா இருக்காது. முன்னால் நகரும், அலைக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடும்.

தளத்தின் குறுக்கே எஃகு வடங்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். விமானத்தின் வால்பகுதியில் ஒரு கொக்கி தொங்கும். அது வடம் ஒன்றில் மாட்டினால்தான் விமானம் நிற்கும். மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் வருவது இரண்டரை நொடிக்குள் நின்றுவிடும்.

கொக்கி மாட்டாவிட்டால்? அதனால்தான் சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி வேகத்தைக் குறைப்பதில்லை, இயந்திரத்தை முழு வேகத்துக்குக் கொண்டுபோகிறார். வடம் தவறினால் அப்படியே மேலே எழும்பி, ஒரு சுற்று சுற்றி மறுபடியும் முயற்சி செய்ய வேண்டியதுதான்.

மேலெழும்புவதும் லேசுப்பட்ட காரியமில்லை. அமெரிக்கக் கப்பல்களில் விமானத்தை உந்தித் தள்ளும் கருவி உண்டு. விக்ராந்த்தில் அது கிடையாது. முன்பகுதி சறுக்குமரம்போல் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. விமானம் தன் சொந்த சக்தியில் ஓடி, அந்த வளைவில் ஏறி எழும்ப வேண்டும். அதனால் ஏற்றிச் செல்லும் எரிபொருளுக்கும் ஆயுதங்களுக்கும் வரம்பு உண்டு. பெரிய ரேடார் விமானங்களும் இங்கிருந்து கிளம்ப முடியாது. அந்த வேலையை காமோவ்-31 ஹெலிகாப்டர்கள் செய்கின்றன.

ஓராண்டில் என்னென்ன நடந்தன?

பிப்ரவரி 6: முதல் தரையிறக்கம். இந்தியாவிலேயே உருவான இலகு ரகப் போர் விமானத்தின் கடற்படை வடிவமும், ரஷ்யத் தயாரிப்பான மிக்-29கே விமானமும் விக்ராந்த்தில் இறங்கின. சேவையில் சேர்ந்து ஐந்து மாதம் கழித்து.

மார்ச் 6: கடற்படைத் தளபதிகளின் மாநாடு கரையில் நடக்காமல், கடலில் விக்ராந்த்திலேயே தொடங்கியது. தற்காப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் கலந்துகொண்டார்.

மார்ச் 9: ஆஸ்திரேலியப் பிரதமர் ஆண்டனி ஆல்பனீசி மும்பையில் கப்பலுக்குச் சென்றார். மலபார் கூட்டுப் பயிற்சியை அவ்வாண்டு ஆஸ்திரேலியா ஏற்று நடத்தும் என்று அப்போது அறிவித்தார்.

மே 24: மிக்-29கே முதன்முறையாக இரவில் தரையிறங்கியது. பகலில் இறங்குவதோடு ஒப்பிட்டால் இது வேறு ரகம். தொடுவானம் தெரியாது, தூரம் தெரியாது. விளக்குகளையும் கருவிகளையும் நம்பித்தான் இறங்க வேண்டும். இரவில் பறக்க முடியாத கப்பல், நாளில் பாதி நேரம் பயன்படாத கப்பல். அதனால் இந்த ஓராண்டின் முக்கியமான நாள் இதுவே என்று சொல்லலாம்.

ஜூன்: அரபிக் கடலில் விக்ராந்த்தும் ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவும் சேர்ந்து பயிற்சி செய்தன. 35க்கும் அதிகமான விமானங்கள் பங்கேற்றன. அந்த எண்ணிக்கையில் ஹெலிகாப்டர்களும் அடக்கம்.

மற்ற நாடுகளுக்கு எவ்வளவு காலம் பிடித்தது?

ஓராண்டில் விக்ராந்த் செய்தது குறைவா, அதிகமா? ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சீனாவின் லியாவ்னிங் 2012 செப்டம்பரில் சேவையில் சேர்ந்தது. இரண்டே மாதத்தில் போர் விமானம் இறங்கிவிட்டது. ஆனால் கப்பல் போருக்குத் தயார் என்று சொல்லப்பட்டது 2016 நவம்பரில். நான்கு ஆண்டுகள்.

பிரிட்டனின் குவீன் எலிசபெத் 2017 டிசம்பரில் சேர்ந்தது. எஃப்-35பி விமானம் முதன்முதலில் இறங்க ஒன்பது மாதம் ஆனது. முதல் நீண்ட பயணத்துக்குக் கிளம்பியது 2021 மே மாதம்.

அமெரிக்காவுக்கு இதில் நூறாண்டு அனுபவம் உண்டு. அதன் ஜெரால்ட் ஃபோர்டும் 2017 ஜூலையில் சேர்ந்து, முதல் பயணத்துக்குக் கிளம்ப 2022 அக்டோபர் ஆகிவிட்டது. வெடிகுண்டுகளை மேல்தளத்துக்கு ஏற்றும் மின்தூக்கிகள் படுத்திய பாடு அதற்கு ஒரு காரணம்.

ஆக, விக்ராந்த்தின் வேகம் மோசமில்லை. விமானிகளும் தளப் பணியாளர்களும் தங்கள் வேலையை முறையாகச் செய்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

கப்பலில் இல்லை. விமானங்களில்.

இந்தியா ரஷ்யாவிடமிருந்து மொத்தம் 45 மிக்-29கே விமானங்களை வாங்கியது. பயிற்சிக்கும் அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும், இரு கப்பல்களுக்கும் அவற்றிலிருந்துதான் கொடுக்க வேண்டும். விபத்துகளில் சில போய்விட்டன.

இருப்பவையும் எல்லா நேரமும் பறக்கும் நிலையில் இல்லை. இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2016இல் வெளியிட்ட அறிக்கை, ஆய்வு செய்த காலத்தில் அந்த விமானங்களில் 40 விழுக்காட்டுக்கும் குறைவானவையே பறக்கத் தயாராக இருந்ததாகச் சொன்னது. நிலைமை பிறகு மேம்பட்டதாகக் கடற்படை கூறுகிறது. ஆனால் உக்ரேன் போருக்குப் பிறகு, ரஷ்ய உதிரிபாகங்கள் நேரத்துக்கு வருமா என்ற கவலை புதிதாகச் சேர்ந்துகொண்டது.

பிப்ரவரியில் இறங்கிய அந்த உள்நாட்டு விமானம் உதவாதா? உதவாது. ஒரே இயந்திரம் கொண்ட அந்த விமானம் தன் தேவைக்குப் போதாது என்று கடற்படை 2016இலேயே சொல்லிவிட்டது. இரட்டை இயந்திரம் கொண்ட அடுத்த விமானத்தை வடிவமைக்க அது ஒரு பாடசாலை, அவ்வளவுதான். அந்தப் புதிய விமானம் சேவைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

ரஃபேல் வந்தால் தீருமா?

ஓரளவு தீரும். பிரான்ஸிடமிருந்து 26 ரஃபேல் கடற்படை விமானங்களை வாங்க, இந்தியத் தற்காப்புக் கொள்முதல் மன்றம் 2023 ஜூலை 13ஆம் தேதி முதற்கட்ட ஒப்புதல் தந்தது. அமெரிக்காவின் சூப்பர் ஹார்னெட்டும் போட்டியில் இருந்தது. இரண்டுமே 2022இல் கோவாவில், கரையில் இருக்கும் வளைந்த சோதனை ஓடுபாதையில் ஏறிக் காட்டின.

ஆனால் ஒப்புதல் வேறு, ஒப்பந்தம் வேறு. விலைப் பேச்சு முடிந்து 2025இல்தான் கையெழுத்தானது, பிறகுதான் தயாரிப்பு. கடைக்குப் போய் எடுத்துவரும் பொருள் இல்லை. சில ஆண்டுகள் பிடிக்கும்.

இன்னொரு நடைமுறைப் பிரச்சினையும் உண்டு. விக்ராந்த்தின் மின்தூக்கிகள் மிக்-29கேயை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. மிக்கின் இறக்கைகள் மடங்கும். ரஃபேலின் இறக்கைகள் மடங்காது. கீழ்த்தளக் கொட்டகைக்கு அதை எப்படி இறக்குவது என்பதற்கும் வழி காண வேண்டும்.

விமானம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

பதில் தேடித் தூரம் போக வேண்டாம். தாய்லந்தைப் பாருங்கள்.

அந்நாட்டின் விமானந்தாங்கிக் கப்பல் சக்ரி நருபேட். ஸ்பெயினில் கட்டப்பட்டு 1997இல் சேவையில் சேர்ந்தது. பழைய ஹேரியர் விமானங்கள் சில அதோடு வந்தன. உதிரிபாகம் கிடைக்காமல் அவை ஒவ்வொன்றாக முடங்கின. 2006இல் அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். மாற்று விமானம் வரவில்லை. கப்பல் இன்றும் இருக்கிறது. ஹெலிகாப்டர்களைச் சுமந்துகொண்டு, பேரிடர் நேரத்தில் நிவாரணப் பணிக்குப் போகிறது.

இந்தியாவின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கடற்படை பெரியது, அனுபவமும் அதிகம். ஆனாலும் கப்பலுக்கான திட்டமும் விமானத்துக்கான திட்டமும் தனித்தனிப் பாதையில் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு சக்ரி நருபேட் ஓர் எச்சரிக்கை.

நிறுத்துமிடத்திலும் இதே கதைதான். விக்ராந்த்தை விசாகப்பட்டினத்தில் நிறுத்துவது திட்டமாக இருந்தது. அதற்கேற்ற இடம் அங்கே தயாராகாததால், சென்னைக்கு அருகில் உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வாடகைக்கு இடம் பிடிக்கப் பேச்சு நடப்பதாக 2022இல் செய்திகள் வெளியாயின.

இவ்வளவு பணம் தேவையா?

இந்தக் கேள்வி இந்தியாவுக்குள்ளேயே கேட்கப்படுகிறது. முப்படைகளின் முதல் தலைமைத் தளபதியாக இருந்த மறைந்த ஜெனரல் பிபின் ராவத், விமானந்தாங்கிக் கப்பல்களைவிட நீர்மூழ்கிகளுக்கு முன்னுரிமை தரலாம் என்று 2020இல் வெளிப்படையாகவே பேசினார். பெரிய கப்பல் பெரிய இலக்கு, ஏவுகணைகள் பெருகிவிட்ட காலத்தில் அதைக் காப்பாற்றவே பல கப்பல்கள் வேண்டும் என்பது அந்தத் தரப்பின் வாதம்.

கடற்படையின் பதில் வேறு. கரையிலிருந்து கிளம்பும் விமானம் நடுக்கடலில் சிறிது நேரமே நிற்க முடியும். கப்பல் உடன் இருந்தால் விமானப் பாதுகாப்பும் எப்போதும் உடன் இருக்கும். ஒன்று பராமரிப்பில் இருந்தாலும் அரபிக் கடலிலும் வங்காள விரிகுடாவிலும் ஒவ்வொன்று வேண்டுமென்றால், மொத்தம் மூன்று தேவை என்கிறது கடற்படை. மூன்றாவது கப்பலுக்கு அரசாங்கம் 2023 செப்டம்பர் வரை பச்சைக்கொடி காட்டவில்லை.

நமக்கு என்ன?

வரைபடத்தைப் பாருங்கள். மலாக்கா நீரிணையின் மேற்கு வாசலில் இருப்பவை நிக்கோபார் தீவுகள். அங்கே கேம்பல் பே பகுதியில் இந்தியக் கடற்படைக்கு விமானத் தளம் உண்டு. நமக்கு வரும் எண்ணெயும் சரக்கும் அந்த வழியாகவும் வருகின்றன. அந்தக் கடலில் எந்த நாட்டுக் கடற்படையின் கை ஓங்குகிறது என்பது நம் வீட்டுச் செலவுவரை எட்டும் விஷயம்.

சிங்கப்பூரும் இந்தியாவும் 1994 முதல் சிம்பெக்ஸ் கடற்பயிற்சியை நடத்திவருகின்றன. 2023 மே மாதம் முதலாவது ஆசியான்-இந்தியக் கடற்பயிற்சியை இரு நாடுகளும் சேர்ந்து நடத்தின. சாங்கி கடற்படைத் தளத்தில் தொடங்கி, தென் சீனக் கடலில் முடிந்தது. இந்தியா அனுப்பியவை ஐஎன்எஸ் டெல்லி, ஐஎன்எஸ் சத்புரா. ஆகஸ்ட்டில் ஆஸ்திரேலியாவின் மலபார் பயிற்சிக்குப் போனவை ஐஎன்எஸ் கோல்கத்தா, ஐஎன்எஸ் சஹ்யாத்ரி. இரண்டிலும் விக்ராந்த் இல்லை.

சாங்கி தளத்தில் விமானந்தாங்கிக் கப்பல்கள் நிற்க இடம் உண்டு. அமெரிக்காவின் கிட்டி ஹாக், பிரான்ஸின் சார்ல்ஸ் டி கோல், பிரிட்டனின் குவீன் எலிசபெத் எல்லாம் வந்து போயிருக்கின்றன. சிங்கப்பூர்க் கடற்படை 2023இல் சீனக் கடற்படையோடும் பயிற்சி செய்தது. எல்லாத் தரப்போடும் பேசும் ஒரு சிறிய நாட்டுக்கு, எந்தக் கப்பல் உண்மையிலேயே தயார், எது பெயரளவில் தயார் என்று தெரிந்திருப்பது அவசியம்.

அடுத்து எதைக் கவனிக்கலாம்?

விக்ராந்த் பற்றி இனி வரும் செய்திகளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

- 2025இல் கையெழுத்தான ரஃபேல் ஒப்பந்தத்தின்படி முதல் விமானம் எப்போது வந்து சேர்கிறது?
- விக்ராந்த்தும் விக்ரமாதித்யாவும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கடல்களில் இருந்தால், இரண்டிலும் போதிய போர் விமானங்கள் இருக்கின்றனவா?
- விக்ராந்த் இந்தியக் கரையைவிட்டு விலகி, வாரக்கணக்கில் நீளும் பயணத்துக்கு எப்போது கிளம்புகிறது?

முதல் ஆண்டில் விமானிகள் அந்த 200 மீட்டரில் இரவிலும் இறங்கிக் காட்டிவிட்டார்கள். அவர்கள் ஓட்டப் போதிய விமானங்களை வாங்கித் தருவது புதுடெல்லியின் வேலை. அடுத்த பிறந்தநாளின்போது கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.