வீரர்க்கு விழாவா, வணிகர்க்கு விழாவா?

ஒருவரைச் சிறப்பிக்க விரும்புவோர் முதலில் அவரை அறிதல் வேண்டும். அறியாது செய்யும் சிறப்பு முகவரி எழுதாத மடலைப் போன்றது. அஞ்சல்தலை எத்தனை ஒட்டினும் அஃது உரியவரிடம் போய்ச் சேராது. இவ்வெளிய உண்மையை மறந்துவிட்டு, முன்னாள் படைவீரரைப் பாராட்டுகிறோம் என்று சிறுநகர் வணிகர்கள் எடுக்கும் விழாக்கள் பெருகி வருகின்றன. நோக்கம் நல்லதே. ஆனால் திட்டமிடும் முறை தலைகீழாக இருக்கிறது. தலைகீழாக நட்ட நாற்று எங்ஙனம் வேர் பிடிக்கும்?

மலேசியாவில் ஆண்டுதோறும் ஜூலை 31ஆம் நாள் வீரர் நாளாக நினைவுகூரப்படுகிறது. அந்த நாளையொட்டி ஒரு சிறுநகரின் மளிகைக் கடைக்காரர், துணிக்கடைக்காரர், உணவகத்தார், அச்சகத்தார், முடிதிருத்துநர், பூக்கடைக்காரர் ஆகியோர் கூடி விழாக்குழு அமைக்கின்றனர் எனக் கொள்வோம். முதற்கூட்டத்தில் பேசப்படுவது யாது? விழாவுக்குத் தலைமை தாங்குபவர் யார்? பதாகையில் யார் யாருடைய படம்? நன்கொடையாளர் பெயர்களை எந்த வரிசையில் அச்சிடுவது? பொன்னாடைக்கு எத்தனை வெள்ளி? இவையெல்லாம் முடிந்து, தேநீரும் முடிந்து, எல்லாரும் எழும் வேளையில் ஒருவர் கேட்கிறார்: “பாராட்டுவதற்கு வீரர்கள் இருக்கிறார்களா?” “பத்துப் பேரையாவது பிடித்துவிடலாம்” என்று மற்றொருவர் விடையிறுக்கிறார். முதற்கேள்வியாக இருந்திருக்க வேண்டியது கடைசிக் கேள்வியாகிவிட்டது. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

விழா நாளில் அந்தப் பிழை வளர்ந்து மரமாகி நிற்கும். அழைப்பிதழில் காலை மணி பத்து என்றிருந்தால், முன்னாள் வீரர் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிடுவார். அணிவகுப்புத் திடல் அவருக்குக் கற்பித்த ஒழுக்கம் அது. சிறப்பு விருந்தினரோ பதினொன்றரைக்கு வருகிறார். அதுவரை முதுமையும் முழங்கால் வலியும் கொண்ட பெரியவர்கள் மின்விசிறி எட்டாத பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். முன்வரிசை நாற்காலிகளில் நன்கொடையாளர் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. உரைகள் முடிந்தபின், “அடுத்தவர்”, “அடுத்தவர்” என்று அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றனர். படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் நாளேட்டில் தலைவர் பெயரும் கடைகளின் பெயரும் தெளிவாக இருக்கும். படத்தில் குனிந்து நிற்பவர்களுக்கு மட்டும் “முன்னாள் வீரர்கள் சிலர்” என்றே பெயர்! படையில் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, எண் உண்டு, பதவி உண்டு, பிரிவு உண்டு. நாட்டுக்காக நின்ற காலத்தில் பெயரோடு நின்றவரைப் பாராட்டும் நாளில் பெயரற்றவராக்குவது எவ்வகைச் சிறப்பு?

இவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தப் பிழையின் அளவு விளங்கும். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த கொலைகளைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31ஆம் நாள்தான் முடிவுற்றது. பன்னிரண்டு ஆண்டுகள் காடும் தோட்டமும் போர்க்களமாயின. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றி முள்வேலி எழுந்தது. அந்தக் காலத்தில்தான், 1952இல், எல்லா இனத்தவரும் சேரத்தக்க கூட்டரசுப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் மோதல் நிகழ்ந்தது. 1968இல் மீண்டும் மூண்ட காட்டுப்போர், 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாயில் கையெழுத்தான அமைதி உடன்பாட்டோடுதான் ஓய்ந்தது. அயல்நாடுகளிலும் நம் வீரர்கள் பணியாற்றினர். 1960இல் மலாயாப் படையினர் ஐக்கிய நாடுகள் அமைப்பின் கொடியின்கீழ்க் காங்கோவுக்குச் சென்றனர். 1993 அக்டோபரில் மொகதீசுவில் சிக்கிய அமெரிக்கப் படையினரை மீட்கச் சென்ற வண்டிகளுள் மலேசியக் கவச வண்டிகளும் இருந்தன.

வணிகர் இவர்களுக்குக் கடன்பட்டவர் அல்லர் என்று எவரேனும் கூற முடியுமா? கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்க. 1970களில் காட்டுப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், படையினரின் காவலில் அமைக்கப்பட்டு, 1982இல் திறக்கப்பட்ட சாலை அது. இன்று அதன்வழி அரிசி மூட்டையும் துணிப்பொதியும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் கணக்கு வணிகரின் பேரேட்டில் இருக்கும். அந்தச் சாலைக்குக் காவல் நின்றவரின் கணக்கு எந்தப் பேரேட்டில் இருக்கிறது? அமைதி இல்லாத ஊரில் கடை இல்லை. கடையின் கதவு திறந்திருப்பதற்குக் காரணமானவர்களுள் ஒருவர், அந்தக் கடை எடுக்கும் விழாவில் பின்வரிசையில் அமர்வது முறையாகாது.

இதற்கு மறுமொழி கூறுவோர் உண்டு. “வணிகர் பணம் செலவிடுகிறார். தம் கடையின் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று அவர் விரும்புவது குற்றமா?” என்பர். குற்றமன்று. விளம்பரம் வணிகத்தின் மூச்சு. தீபாவளிக்கு விற்பனை விளம்பரம் செய்க, பொங்கலுக்குச் செய்க, எவரும் குறைகூறார். ஆனால் ஒரு முதியவரின் மார்பில் தொங்கும் பதக்கத்தைத் தம் கடையின் பெயர்ப்பலகையாக்குவது விளம்பரமும் அன்று, பாராட்டும் அன்று. வீரரின் பெருமையை விலையின்றி வாங்கித் தம் கடைக்குப் பயன்படுத்தும் செயல். நேர்மையான வணிகர் எடை குறைக்கமாட்டார். இங்கும் எடை குறையாதிருத்தல் வேண்டும்.

வீரரைச் சிறப்பிக்கும் முறை தமிழர்க்குப் புதியதன்று. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலைகளை வகுத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. இவற்றுள் ஐந்தினைச் சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களிலேயே காணலாம் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். இந்த வரிசையை உற்றுநோக்குக. முதலில் நிற்பது காட்சி; தக்க கல்லைத் தேடிக் காண்பது. வாழ்த்து இறுதியில்தான் வருகிறது. இடையில் இருப்பவை அனைத்தும் உழைப்பு. கல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதினர் என்று சங்கப் பாடல்கள் கூறுகின்றன. கல்லை எடுப்பித்தவரின் பெருமையை எழுதினர் என்று கூறவில்லை. இன்றைய விழாக்குழுவினர் ஐந்து நிலைகளையும் விட்டுவிட்டு வாழ்த்திலேயே தொடங்கி வாழ்த்திலேயே முடிக்கின்றனர். அதனால்தான் விழா முடிந்த மறுநாள், வாடிய மாலையன்றி வேறெதுவும் எஞ்சுவதில்லை.

காட்சி என்னும் முதல் நிலை இன்று என்ன? விழாவுக்கு மூன்று திங்களுக்கு முன்பே ஊரில் வாழும் முன்னாள் வீரரைத் தேடிச் செல்வது. முன்னாள் படைவீரர் சங்கக் கிளையை அணுகினால் வழி கிடைக்கும். வீட்டுக்குச் சென்று, பெயரை அவர் எழுதும் முறையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எந்தப் பிரிவில், எவ்வாண்டு முதல் எவ்வாண்டு வரை பணியாற்றினார் எனக் கேட்க வேண்டும். மேடையேற விருப்பமா என்றும் கேட்க வேண்டும். விரும்பாதவர் உண்டு. தோழர் மடிந்ததைக் கண்டவரிடம், ஒலிபெருக்கியைக் கொடுத்து, “ஏதாவது வீரக்கதை சொல்லுங்கள்” என்று வற்புறுத்துதல் அறமன்று. மண்டப வாயிலில் பட்டாசு கொளுத்தி வரவேற்பது வணிகருக்கு மகிழ்ச்சியாயிருக்கலாம். வெடியோசையில் தோழரை இழந்தவருக்கு அஃது எதை நினைவூட்டும் என்பதைக் குழு எண்ணிப் பார்த்ததா?

“சிறு வணிகரிடம் பெரும்பணம் ஏது?” என்பது அடுத்த மறுப்பு. பெரும்பணம் வேண்டும் என்று யார் கூறினார்? ஒவ்வொரு கடையும் தான் அறிந்த தொழிலைச் செய்தாலே போதும். முடிதிருத்துநர் விழாவுக்கு முந்திய நாள் வீரர்களுக்கு முடிதிருத்தி விடட்டும். தையற்காரர் பழைய மேற்சட்டையைச் சரிசெய்து, பதக்க நாடாக்களை ஒழுங்காகத் தைத்துக் கொடுக்கட்டும். நிழற்படக் கடைக்காரர் ஒவ்வொருவரையும் தனித்தனியே நல்ல படமாக எடுத்துச் சட்டமிட்டு வழங்கட்டும்; பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் படமே செல்வமாகும். அச்சகத்தார், பதாகையின் அளவைக் குறைத்துக்கொண்டு, வீரர்தம் வரலாறுகளைச் சிறுநூலாக அச்சிடட்டும். உணவகத்தார் இருக்கைக்கே உணவு கொண்டு சென்று பரிமாறட்டும்; வரிசையில் தட்டேந்தி நிற்க வைக்க வேண்டா. வண்டி உடையவர் வீட்டிலிருந்து அழைத்து வந்து, மீண்டும் வீட்டில் விட்டு வரட்டும். இவற்றுள் எதற்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும்? பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தைவிட மிகுதியாக வேண்டுவது கவனம் ஒன்றே.

வேறொரு குறையும் உண்டு. தமிழ் வணிகர் எடுக்கும் விழாவாதலால் தமிழ் வீரரை மட்டுமே அழைப்போம் என்று முடிவு செய்கின்றனர். தமிழ் வீரரை மறந்துபோன சமுதாயம் அவர்களைத் தேடிக் காண்பது கட்டாயக் கடமை. மருத்துவரையும் வழக்கறிஞரையும் எண்ணிப் பெருமை கொள்ளும் தமிழர், படையில் பணியாற்றிய தம் மக்களை எண்ணியதில்லை. ஆயினும் காட்டில் அந்தத் தமிழ் வீரரின் பக்கத்தில் நடந்தவர் மலாய்க்காரராக இருந்திருப்பார், சீனராக இருந்திருப்பார், தடம் பார்த்து வழிகாட்டியவர் இபான் இனத்தவராக இருந்திருப்பார். ஒரே குடுவையில் நீர் அருந்தியவர்களை விழா மண்டபத்தின் வாயிலில் இனம் பார்த்துப் பிரிப்பது வீரத்துக்கே இழுக்கு. ஊரில் எத்தனை முன்னாள் வீரர் உண்டோ அத்தனை பேரையும் அழைத்தல் வேண்டும். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணத்தக்க உணவை ஏற்பாடு செய்தல் வேண்டும். இறந்துபோன வீரர்தம் மனைவியரையும் அழைத்தல் வேண்டும். கணவர் காட்டிலிருந்த திங்கள்களில் பிள்ளைகளைத் தனியே வளர்த்த தாய்க்கு முன்வரிசையில் இடம் இல்லையேல், வேறு யாருக்கு அந்த இடம்?

“அரசு இருக்கிறதே, ஓய்வூதியம் தருகிறதே” என்பது மூன்றாவது மறுப்பு. இது பாதி உண்மை. பொதுவாக இருபத்தோராண்டுப் பணியை நிறைவு செய்த சாதாரண நிலை வீரரே ஓய்வூதியத்துக்கு உரியவர். அதற்கு முன் விலகியோர் பலர் அது கிட்டாமல் வெளியேறினர். அவர்களுள் பலர் முதுமையிலும் இரவுக் காவலராக உழைத்தனர். வங்கி வாயிலிலும் தொழிற்சாலை வாயிலிலும் நாற்காலியிட்டு அமர்ந்திருக்கும் முதியவர் ஒருகாலத்தில் நாட்டின் வாயிலையே காத்தவராக இருக்கலாம். வீரர்க்கென 2012இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது; உதவித் திட்டங்களும் உள்ளன. ஆனால் படிவம் நிரப்பத் தெரியாதவருக்கும், அலுவலகம் வரை செல்ல வண்டியில்லாதவருக்கும் திட்டம் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? வணிகர் சங்கம் ஒன்று விழா நாளிலேயே ஒரு மேசையிட்டு, படிவம் நிரப்பித் தருவோர் இருவரை அமர்த்துமாயின், அஃது ஐம்பது பொன்னாடைக்கு மேலானது. படையிலிருந்து அண்மையில் விலகிய இளைஞர் ஒருவருக்குக் கடையில் வேலை கொடுப்பது அதனினும் மேலானது. ஒருநாள் பாராட்டி முந்நூற்று அறுபத்து நான்கு நாள் மறப்பது விழாவாகாது, நாடகமாகும்.

இதில் பள்ளிக்குரிய பங்கு யாது? இன்றைய விழாக்களில் தமிழ்ப்பள்ளி மாணவர்க்குத் தரப்படும் பணி கொடியசைப்பதும், வரவேற்பு நடனம் ஆடுவதும், விருந்தினர் வரும்வரை வெயிலில் வரிசையாக நிற்பதும்தான். ஆசிரியர்கள் இதற்கு உடன்படலாகாது. மாணவர் மண்டபத்துக்குச் செல்வதற்கு முன் வீரர் வீட்டுக்குச் செல்லட்டும். இருவர் இருவராகச் சென்று, கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு, பெரியவர் கூறுவதைக் கேட்டு எழுதட்டும். எந்த ஊரில் பிறந்தார், ஏன் படையில் சேர்ந்தார், முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார், எந்தத் தோழரை இன்றும் நினைக்கிறார் என்பவற்றையெல்லாம் கேட்கட்டும். கட்டுரைப் பாடத்துக்கு இதனினும் சிறந்த பயிற்சி எது? வரலாற்றுப் பாடத்துக்கு இதனினும் உயிருள்ள நூல் எது? தலைநகரின் தேசிய நினைவுச் சின்னம் 1966 பிப்ரவரி 8ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது என்பதை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அந்தச் சின்னத்தின் வெண்கல உருவங்கள் பேசா. அடுத்த தெருவில் வாழும் பெரியவர் பேசுவார். அவரிடம் ஒரு மாணவன் சென்று கேட்டதுண்டா?

காலம் காத்திருக்கவில்லை. அவசரகாலம் முடிந்தபோது இருபது வயதினராக இருந்தவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டார். அந்தத் தலைமுறையில் எஞ்சியோர் சிலரே. அவர்தம் நினைவுகள் அவர்களோடு மறைந்துபோனால், தமிழரும் இந்த நாட்டைக் காத்தனர் என்று பிற்காலத்தில் ஒருவர் கூறும்போது, “சான்று எங்கே?” என்னும் கேள்வி எழும். அப்பொழுது வாடிப்போன மாலையையா காட்ட முடியும்? ஆடம்பரப் பதாகையையா காட்ட முடியும்? மாணவன் எழுதி, ஆசிரியர் திருத்தி, அச்சகத்தார் அச்சிட்ட சிறுநூல் ஒன்றே சான்றாக நிற்கும். கல்லில் பெயர் எழுதிய முன்னோரின் வழியில் வந்தோர்க்குத் தாளில் எழுதுவது அரிதன்று.

ஆதலின் வணிகப் பெருமக்கள் விழா எடுப்பதை விட்டுவிட வேண்டா; எடுக்கும் வரிசையை மாற்றுதல் வேண்டும். அடுத்த கூட்டத்தில் தலைவர் யார் என்று கேட்பதற்கு முன், “ஊரில் உள்ள வீரர் யார், அவர் நலமா, அவருக்கு வேண்டுவது யாது?” என்று கேட்கப்படட்டும். அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதியபின் மண்டபத்தைப் பேசட்டும். அழைப்பிதழில் வீரர் பெயர்கள் முதற்பக்கத்திலும், நன்கொடையாளர் பெயர்கள் கடைசிப் பக்கத்திலும் அமையட்டும். மணி பத்து என்றால் பத்துக்கே தொடங்கட்டும். விருந்தினர் வராவிடினும் தொடங்கட்டும். குறித்த நேரத்தில் வந்து அமர்ந்திருக்கும் வீரரே அந்த விழாவின் சிறப்பு விருந்தினர். அவர் வந்தபின் வேறு யாருக்காகக் காத்திருப்பது?