மாற்று விதையின் அவசியம்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் சம்பாச் சாகுபடி செய்யும் குடியானவர் ஒவ்வொருவரும், பருவம் தொடங்குவதற்கு முன்பே நாற்றங்காலுக்கு வேண்டிய விதையைத் தேடி வைத்துக்கொள்கிறார். அந்த நாற்றோ, நட்ட பயிரோ நடுவில் அழிந்துபோனால் அடுத்து எதை விதைப்பது என்று முன்கூட்டி ஆலோசித்து, அதற்கும் விதை சேர்த்து வைத்திருப்பவர் மிகச் சிலரே. மழையும் வெயிலும் ஏறக்குறையத் தத்தம் காலத்தில் வந்துகொண்டிருந்த நாட்களில் இந்த அசட்டையால் பெரிய நஷ்டம் நேரவில்லை. இப்பொழுது அந்நிலை மாறிவிட்டது. மாற்று விதை வீட்டில் இல்லாத சாகுபடி அரைச் சாகுபடியே என்று சொல்வது மிகையாகாது.

சென்ற சில ஆண்டுகளின் வரலாறே இதற்குப் போதுமான சாட்சி. 2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை வெள்ளமாக வந்தது. மறு ஆண்டே அது பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சியால் பாதிக்கப்பட்டதாகச் சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது. 2018 நவம்பரில் கஜாப் புயல் வேதாரணியத்தருகே கரையேறிற்று. 2021 ஜனவரியிலோ, முற்றி நின்ற சம்பாக் கதிர்கள் காலந்தப்பிய மழையில் சாய்ந்து பலவிடங்களில் வயலிலேயே முளைத்தன. வெப்பம் ஒரு டிகிரி சென்டிகிரேடு ஏறினால், காற்று சுமார் 7 சதவீதம் அதிகமான நீராவியைத் தாங்கக்கூடும் என்பது பௌதிக நூலார் கண்ட உண்மை. ஆகவே பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுவதும், இடையில் நீண்டநாள் காய்வதும் இனி விசேஷ நிகழ்ச்சிகளல்ல.

இனி நாட்கணக்கைப் பார்ப்போம். சி. ஆர். 1009 போன்ற நீண்டகால நெல் முற்றுவதற்குச் சுமார் 155 நாட்கள் வேண்டும். அது ஐப்பசி வெள்ளத்தில் பத்து நாட்கள் மூழ்கி அழுகிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடப்படும். அந்நிலையில் மீண்டும் அதே விதையை நாற்றுவிடுவது வீண் செலவு. 105 முதல் 110 நாட்களில் வரும் ஆடுதுறை 43, கோ 51 போன்ற குறுகியகால ரகத்தை, தண்ணீர் வடிந்த வாரத்திலேயே விதைத்தால், கடைசி ஒரு மாதத்திற்குக் கிணறோ குழாய்க்கிணறோ உள்ளவர் ஒரு விளைச்சல் காணலாம். அதுவும் இல்லாதவருக்கு நிலத்தின் ஈரத்தில் உளுந்து இருக்கிறது. இரண்டிலும் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நஷ்டமே. ஆனால் அந்த வாரத்தில் நடப்பது யாது? ஒரு தாலுகா முழுவதும் ஒரே நாளில் ஒரே விதையைக் கேட்டு விதைக் கிடங்கின் வாசலில் நிற்கிறது. கிடங்குகள் சாதாரணத் தேவைக்கு இருப்பு வைப்பன. ஊரெல்லாம் அழிந்த நாளுக்கு எந்தக் கிடங்கும் போதாது. கடையில் அகப்படும் மூட்டைக்கு விலை இரட்டிப்பாகிறது. உள்ளே இருப்பது எந்த ரகமென்பது கதிர் வந்த பிறகே தெரிகிறது.

வேண்டிய அளவோ பெரிதன்று. குறுகியகால நெல்லுக்கு ஏக்கருக்கு 24 கிலோ, உளுந்துக்கு 10 முதல் 12 கிலோ இருந்தால் போதும். ஏக்கருக்கு 2,000 கிலோ விளையும் நிலத்தில் 5 சென்டை விதைக்கென்று ஒதுக்கினால் 100 கிலோ கிடைக்கும். அது நான்கு ஏக்கருக்கு மாற்று விதையாகும். இந்த 5 சென்டை எப்பொழுது பயிரிடுவது என்பதில்தான் சூட்சுமம் உள்ளது. குறுவையில் எடுத்த விதை மழைக்காலத்தில் களத்துக்கு வருவதால் சரியாகக் காயாது. கோடையில் அறுத்த விதை சித்திரை வெயிலில் நன்றாக உலர்ந்து, ஆறேழு மாதங்களில் ஐப்பசியை எட்டும். ஆதலின் கிணற்றுப் பாசனமுள்ள ஒருவர் கோடையில் விதைப்பயிர் செய்ய, மற்றவர் அவரிடம் நெல்லுக்கு நெல் மாற்றிக்கொள்வது உசிதம். பூக்கும்போது ஒருமுறையும் அறுப்புக்கு முன் ஒருமுறையும் வயலில் இறங்கி, உயரத்திலோ கதிரிலோ வேறுபட்ட தூர்களைப் பிடுங்கிவிட வேண்டும். வரப்போரத்துக் கதிரை விதைக்கு எடுக்கலாகாது.

உலர்த்துவதும் சேமிப்பதுமே இக்காரியத்தில் பாதி. விதையின் ஆயுளைப் பற்றி ஹாரிங்டன் என்னும் அமெரிக்க விதைநூலார் கூறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. விதையிலுள்ள ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும். கோடை வரவரக் கடுமையாகும் நாட்டில் இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் வைத்த விதை, ஓட்டு வீட்டில் வைத்ததற்கு வெகு முன்பே செத்துவிடும். வெளிச்சூட்டைக் குறைக்கக் குடியானவரால் இயலாது. விதையின் ஈரத்தைக் குறைக்க இயலும். நெல் விதையில் ஈரம் 13 சதவீதத்துக்கு மேற்படலாகாது. இதை அறிய இயந்திரம் வேண்டுவதில்லை. காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி விதையையும், வறுத்து ஆறவைத்த தூள் உப்பையும் இட்டு நன்றாகக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்தால், ஈரமிருக்கும் விதையில் உப்பு கட்டியாகிப் புட்டியில் ஒட்டும். ஒட்டாமல் உதிர்ந்தாலும் அதோடு நில்லாமல் இன்னும் இரண்டு நாட்கள் உலர்த்துவதே நலம். காலையிலும் மாலையிலும் பரப்பி, உச்சிவேளை வெயிலில் அள்ளிவிட வேண்டும். கொதிக்கும் சிமெண்டுக் களத்தில் நடுப்பகலில் விட்டுவைத்த விதை முளைப்புச் சக்தியை இழக்கும்.

முற்காலத்துப் பத்தாயமும், மண் குலுக்கையும், திருநெல்வேலிச் சீமையில் வைக்கோற்புரி சுற்றிக் கட்டிய விதைக்கோட்டையும் வெயிலின் சூட்டை விதைக்கு எட்டவிடாமல் தடுத்தன. இன்று அவை பல வீடுகளில் இல்லை. சணற்சாக்கைச் சுவரிலும் தரையிலும் படாமல் பலகைமேல் அடுக்கிவைத்தாலும் காரியம் நடக்கும். பிளாஸ்டிக்குப் பீப்பாயில் அரைகுறையாகக் காய்ந்த நெல்லை மூடிவைப்பதைப்போன்ற கெடுதல் வேறில்லை. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி விதை புழுங்கிவிடும். உளுந்துக்கு வண்டே பெரும் பகை. அது வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டு, விதையோடு வீட்டுக்குள் வருகிறது. சூடு மிகுந்தால் விரைவாகப் பெருகுகிறது. துவரைக்குச் செம்மண் கட்டும் பழைய முறை உளுந்துக்கும் உதவும். பானையில் இட்ட விதையின்மேல் மூன்று விரற்கடை உலர்ந்த மணலைப் பரப்பிவைப்பதும் நல்லது.

விதைப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன் 100 விதைகளை நனைத்த சாக்குத் துணியில் சுருட்டி வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். நெல்லில் 80-ம் உளுந்தில் 75-ம் முளைத்தால் திருப்தி. குறைந்தால் வேறு விதை தேட அவகாசம் இருக்கும். விதைக்கும் நாளன்று 10 லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி எடுப்பது பலரும் அறிந்ததே.

பழைய ரகங்களைப் பற்றி இக்காலத்தில் இருவகைப் பேச்சு நடக்கிறது. ஒரு சாரார் அவற்றை ஒன்றுக்கும் உதவாதவை என்கின்றனர்; மற்றொரு சாரார் அவையே எல்லாவற்றுக்கும் மருந்து என்கின்றனர். இரண்டும் நிலத்தைப் பாராத பேச்சு. உவர் ஏறிய கடலோர நிலத்துக்குக் குழியடிச்சான் ஏற்றது. அதை உரமிட்ட உள்நாட்டு வயலில் நட்டுவிட்டுக் குறைசொல்வதில் நியாயமில்லை. அவ்வாறே தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குச் சில நாள் மூழ்கலைத் தாங்குமாறு ஆராய்ச்சி நிலையத்தார் சீர்படுத்திய சி. ஆர். 1009 சப்-1 இருக்கும்போது, அது புதியது என்பதற்காகத் தள்ளுவதும் பேதைமை. ஒட்டுவீரிய நெல் மாத்திரம் இக்காரியத்துக்கு ஆகாது; அதன் விதை மறு சாகுபடியில் குணம் மாறிவிடும்.

அரை ஏக்கர் குத்தகைக்காரர் விதைக்கென்று நிலம் ஒதுக்க முடியுமா என்று கேட்கப்படலாம். தனியாக முடியாது என்பது உண்மை. கடன் முற்றிய வீட்டில் விதை நெல்லைக் குத்தித் தின்னும்படியும் நேரும். இத்தகையோர் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டில் பொதுவாக விதை வைப்பதே வழி. அதற்குச் சட்டத்தின் தடையுமில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், குடியானவர் தம் விளைச்சலை விதையாகச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், முத்திரைப் பெயரிடாமல் விற்கவும் உரிமையளிக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ கிடங்கிலிருந்தோ சுத்தமான விதையைப் புதிதாக வாங்கிக்கொள்ளவேண்டும். இலாகா செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்; வெள்ள நாளில் லாரியில் விதை அனுப்புவது அதற்கு அடுத்தபடியே.

பயிர் அழியாத ஆண்டில் இந்த விதை வீணாகுமே என்னும் கவலை வேண்டாம். பூச்சிமருந்து கலக்காமல் வைத்திருந்தால் தை அறுவடை முடிந்தபின் நெல்லைப் புழுக்கி அரிசியாக்கலாம், உளுந்தை உடைத்துப் பருப்பாக்கலாம். மருந்து கலந்த விதையை மாத்திரம் ஒருபோதும் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகலாகாது. அதற்குத் தனிச் சாக்கும், பெண்டிரும் பிள்ளைகளும் எளிதில் கண்டுகொள்ளும்படியான சிவப்பு அடையாளமும் வேண்டும்.