அட்வான்ஸ் உங்கள் பணம் அல்ல

ரிடையர் ஆகி, பி.எஃப்., கிராஜுட்டி பணத்தில் மாடி கட்டி, முதன்முறையாக டு லெட் போர்டு மாட்டியிருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

யாரைக் குடிவைக்கலாம், எவ்வளவு வாடகை சொல்லலாம் என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் வாங்கும் அட்வான்ஸ் வருமானம் அல்ல, கடன்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சாஸ்திரம் போல ஆகிவிட்டது. வாடகை 15,000 ரூபாய் என்றால் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். வாங்கிய வேகத்தில் அது கிரில் கதவுக்கும் மோட்டாருக்கும் மகளின் வளைகாப்புக்கும் போய்விடுகிறது. குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்றதும் "அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தருகிறேன்" என்று கூசாமல் சொல்கிறோம்.

எங்கள் தெருவிலேயே நடந்தது. குடியிருந்தவர் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவிட்டுத்தான் காலி செய்தார். பழைய அட்வான்ஸ் கைக்கு வரவில்லை. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. நாலு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும், தன் பணத்தையே கைமாற்று கேட்பவர் போல கேட்டுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் கொடுத்ததிலும் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு வருடம் மனிதர்கள் புழங்கிய சுவர் மங்காமல் என்ன செய்யும்?

தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்த 'வேறுவிதமாக' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து மாதம் கேட்கிறோம். வீடு தேவைப்படுகிறவர் எங்கே கையெழுத்துப் போட்டாலும் அதைச் சம்மதம் என்று சொல்லலாமா?

"வாடகை தராமல் உட்கார்ந்துகொண்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். அதற்கு மருந்து எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்வதும்தான். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே வீட்டைத் திரும்பக் கேட்க அதே சட்டம் வழி தருகிறது. பதிவுக்குச் சோம்பல்பட்டு, அந்தச் சோம்பலுக்கான விலையைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே மூன்று மாதம் மட்டும் வாங்குங்கள். வாங்கிய அன்றே பேங்கில் எஃப்.டி. போடுங்கள். வட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. முதலில் மட்டும் கை வைக்காதீர்கள். குடிவைக்கும் முன் சுவரையும் தரையையும் குழாயையும் இருவருமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கழிவு பற்றிச் சண்டையே வராது.

போர்டு மாட்டுமுன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருப்பவர் திடீரென்று காலி செய்தால், ஒரு மாதத்துக்குள் அந்தப் பணத்தை எண்ணி அவர் கையில் வைக்க முடியுமா? முடியாது என்றால் வாடகைக்கு விடும் யோசனையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.