வீடும் கைவேலையும்: குளிரில் அடம்பிடிக்கும் மரம் அரியும் மெசின்



ஒரு தை மாதக் காலை. முதல்நாள் இரவு முழுவதும் உறைமழை பெய்து, மரங்களெல்லாம் கண்ணாடி பூசியதுபோல நின்றன. ஏழு மணிக்கே தொலைபேசி அடித்தது. ஸ்காபுறோவில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர். “அண்ணை, மேப்பிள் மரக் கொப்பு முறிஞ்சு கார் போற பாதையிலை விழுந்து கிடக்கு. வேலைக்குப் போக வழியில்லை. செயின்சோ ஒண்டு வைச்சிருக்கிறன். நாப்பது தரம் இழுத்துப்போட்டன், அசையுதில்லை. ஊரிலை இறைப்பு மெசினை ஒரே இழுவையிலை ஸ்ராட் பண்ணின கை இது!”

நாம் போய்ச் சேர அரை மணித்தியாலம் ஆயிற்று. போனபோது வீட்டுக்காரர் குடும்பத்தோடு வாசலில், போர்வைகளைப் போர்த்தபடி நின்றார். உள்ளே காபன் மொனொக்சைட் அலாரம் கத்திக்கொண்டிருந்தது. நடந்தது இதுதான். வெளியே குளிர் தாங்கமுடியாமல் மெசினைக் கராஜுக்குள் கொண்டுபோய், கதவை மூடிக்கொண்டு இழுத்திருக்கிறார். கடைசியில் அது பற்றிக்கொண்டது. “நிண்டுபோகப் பாக்குது, கொஞ்சம் சூடாகட்டும்” என்று ஐந்து நிமிடம் ஓடவிட்டார். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு நீக்கலாக இருந்தது. மேல்மாடியில் பிள்ளைகள் நித்திரை. அலாரம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எமக்கு மனமில்லை. உடனே 911 ஐ அழைக்கச் செய்தோம். தீயணைப்புப் படையினர் வந்து வீட்டை அளந்து பார்த்து, காற்றோட்டம் விட்ட பின்னர்தான் உள்ளே போக அனுமதித்தனர்.

ஆகவே இம்முறை முதல் விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெற்றோல் மெசின் எதுவானாலும் கராஜுக்குள்ளோ, நிலக்கீழறையிலோ, கூரையிட்ட பின்வாசலிலோ இயக்கக்கூடாது. கராஜ் கதவைத் திறந்துவைத்தாலும் கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கும்; நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. 2013 மார்கழி 21, 22 ஆம் திகதிகளில் ரொறன்ரோவைத் தாக்கிய உறைமழையில் சுமார் 3 இலட்சம் மின் வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியும், கராஜில் மின்பிறப்பாக்கி ஓட்டியும் பலர் இந்த நஞ்சுக்கு ஆளாகினர். 2008 இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் ஒரே குடும்பத்தில் நால்வர் இந்த வாயுவால் இறந்ததை அடுத்து எழுந்த முயற்சியின் பயனாக, 2013 இல் மாகாணச் சட்டம் நிறைவேறியது. எரிவாயுச் சூடாக்கியோ, வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே இந்த அலாரம் இருக்கவேண்டும் என்பது 2014 முதல் கட்டாயம். வாடகை வீட்டில் அதைப் பொருத்தித் தருவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. கேட்டு வாங்குங்கள்.

இனி மெசினுக்கு வருவோம்.

குளிரில் ஏன் பற்றாது?

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்குவது கஷ்டமில்லை. தோட்டத்து இறைப்பு மெசினை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் மெசின்தான். ஆனால் தொடங்கும்போது பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் சூடான பின்புதானே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம்? 1990 இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடை வந்தபோது யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் ஓடின. சில துளி பெற்றோல் உயிர்கொடுக்கும். மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

காரணம் ஒன்றே. எஞ்சினுக்குள் எரிவது திரவமல்ல, ஆவி. மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியைத் தர 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பெற்றோலோ சுமார் சைபருக்குக் கீழ் 40 பாகையிலேயே தரும். ஆனாலும் குளிர் கூடக்கூட அந்த ஆவி குறைந்துகொண்டே போகும். ஊரில் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் செய்த அதே அடத்தை, இங்கே பெற்றோல் தை மாதத்தில் செய்கிறது. அதைச் சமாளிக்கவே ‘சோக்’ இருக்கிறது. அது காற்று வரும் வழியை மூடி, பெற்றோலைக் கூட உறிஞ்சவைக்கும். குறைய ஆவியாகும் என்பதால் கூடக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஊரில் செய்ததுபோலப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் ஊற்றிப் பார்க்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். இது எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடும் ரூ-ஸ்ரோக் எஞ்சின். வெறும் பெற்றோல் பிஸ்ரனை உரசவைக்கும்; திருப்பி அடித்தால் முகத்தில் நெருப்பு. கடையில் விற்கும் ஈதர் ஸ்பிறேயும் இதற்கு ஆகாது.

முதலில் பெற்றோலைப் பாருங்கள்

எமது நண்பரின் கானில் இருந்தது ஆடி மாதத்தில் கலந்த பெற்றோல். கோடைப் பெற்றோலும் மாரிப் பெற்றோலும் ஒன்றல்ல. மாரிக்கென விற்பதைச் சுலபமாக ஆவியாகும் விதத்தில் கலக்கிறார்கள். ஆடியில் வாங்கியதை தையில் ஊற்றினால் பாதித் தோல்வி அங்கேயே. அதோடு இங்குள்ள சாதாரண பெற்றோலில் எதனோல் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் பிசின் பிடித்து, காபரேட்டரின் மயிரிழைத் துவாரங்களை அடைக்கும்.

ஆகவே கொஞ்சமாக வாங்கி, ஒரு மாதத்துக்குள் முடியக்கூடிய அளவே கலந்துவையுங்கள். பல மெசின்களுக்கு விகிதம் 50:1. அதாவது 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் ரூ-ஸ்ரோக் எண்ணெய். 40:1 கேட்கும் மெசினுக்கு 125 மில்லிலீற்றர். உங்கள் மெசினின் கைநூலில் உள்ளதே முடிவு. கண்ணளவு வேண்டாம். வருடத்தில் இரண்டு நாள்தான் பாவிப்பவர்கள், எதனோல் இல்லாத, ஏற்கெனவே கலந்து தகரத்தில் விற்கும் எரிபொருளை வாங்கலாம். விலை கூட, ஆனால் நீண்டநாள் கெடாது. வேலை முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைத்தால் அடுத்தமுறை தொல்லை குறையும்.

இழுக்கும் ஒழுங்கு

இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மெசின்களில் சிறு வேறுபாடு இருந்தாலும் பொது ஒழுங்கு இதுதான்.

1. வெளியே, உறுதியான தரையில், பனியை ஒதுக்கிவிட்டு மெசினை வையுங்கள். பெற்றோல் நிரப்பிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளிப் போங்கள். சங்கிலி எதிலும் முட்டக்கூடாது. சங்கிலிப் பிரேக்கைப் போடுங்கள்.

2. பின்கைபிடிக்குள் வலது பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதியுங்கள். முன்கைபிடியை இடது கையால் அழுத்துங்கள். மெசினைக் கையில் தூக்கி, கீழே எறிவதுபோல் இழுப்பது கெட்டித்தனமல்ல, தொடை போய்விடும்.

3. சிறு றப்பர் குமிழ் இருந்தால் ஐந்தாறு தரம் அமுக்குங்கள். அமுக்கத்தைக் குறைக்கும் பொத்தான் இருந்தால் அதையும் அமுக்குங்கள்.

4. சோக்கை முழுவதும் போட்டு, கயிற்றை முதலில் மெல்ல இழுத்து, தடை தெரிந்ததும் விறுக்கென்று இழுங்கள். கயிற்றைத் திரும்பச் சுண்டவிடாமல் கையோடு கொண்டுபோய் விடுங்கள்.

5. காதைக் கொடுத்துக் கேளுங்கள். சில இழுவையில் ‘டுப்’ என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். அதுதான் செய்தி. உடனே சோக்கை அரைக்கு, அதாவது வேக ஓட்ட நிலைக்கு, மாற்றுங்கள். இன்னும் இரண்டு மூன்று இழுவையில் பற்றவேண்டும்.

6. பற்றியதும் விசையை ஒரு தட்டுத் தட்டி, சாதாரண ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, பிரேக்கை எடுத்து, ஓரிரு நிமிடம் சூடாகவிட்டு, பிறகு மரத்தில் வையுங்கள்.

எமது நண்பர் அந்த ‘டுப்’பைத் தவறவிட்டார். சோக்கைப் போட்டபடியே நாற்பது தரம் இழுத்ததால் எஞ்சினுக்குள் பெற்றோல் வெள்ளம். வெளியே வைத்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கறுத்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அப்படி நேர்ந்தால் செய்யவேண்டியது: மெசினை நிறுத்தும் சுவிச்சைப் போட்டு, சோக்கை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே எட்டுப் பத்துத் தரம் இழுங்கள். மிஞ்சிய பெற்றோல் வெளியே சீறும். முகத்தை அப்பால் வையுங்கள், அருகே நெருப்பு வேண்டாம். பிளக்கைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டி, சோக் இல்லாமல் இழுங்கள்.

இங்குள்ள பழைய ஆட்கள் சொல்லித்தந்த ஒரு வித்தை: மெசினை வீட்டுக்குள் கொண்டுவராமல், துடைத்த பிளக்கை மட்டும் உள்ளே கொண்டுபோய்ச் சூடாக்கி, அந்தச் சூட்டோடு கொண்டுவந்து பூட்டுவது. பெற்றோல் நிறைந்த மெசினை நிலக்கீழறையில் வைப்பது ஆபத்து. அங்கேதான் சூடாக்கியும் சுடுநீர்த் தாங்கியும் எரிந்துகொண்டிருக்கின்றன.

இன்னும் பற்றவில்லையா?

பிளக் உங்களுக்குப் பேசும். இழுத்த பின்பும் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. தாங்கிக்குள் குழாயின் நுனியில் இருக்கும் சிறு வடி அடைத்திருக்கலாம், அல்லது குழாய் வெடித்திருக்கலாம். இரண்டும் மலிவான பொருட்கள். நனைந்திருந்தும் பற்றாவிட்டால் பொறி இல்லை. புது பிளக் போடுங்கள். பெரும்பாலான மெசின்களுக்கு இடைவெளி 0.5 மில்லிமீற்றர். இளம் கபில நிறமாய் உலர்ந்திருந்தால் அந்த பிளக் சுகமாயிருக்கிறது என்று அர்த்தம்.

காற்று வடியைக் கழற்றி மரத்தூளைத் தட்டுங்கள். பல மெசின்களில் கோடை–மாரி என்று மாற்றும் ஒரு சிறு மூடி உண்டு. மாரிப் பக்கம் திருப்பினால் எஞ்சினின் சூடான காற்று காபரேட்டருக்கு வந்து, உள்ளே பனி உறையாமல் காக்கும். கோடையில் மறக்காமல் திருப்பிவிடுங்கள். பழைய மெசின்களில் காபரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைத்துப் போவதும் உண்டு. சூடான நாளில் நன்றாக ஓடி, குளிரில் மட்டும் அடம்பிடித்தால் அதைச் சந்தேகியுங்கள். சவ்வு மாற்றுவதையும் காபரேட்டர் ஆணிகளைத் திருகுவதையும் மெக்கானிக்கிடம் விடுங்கள். பெற்றோல் குறைந்த கலவையில் வேகமாக ஓடினால் எஞ்சின் இறுகிவிடும். கயிற்றை இழுக்கும்போது தடையே தெரியாவிட்டால் பிஸ்ரன் தேய்ந்துவிட்டது; கராஜ் சேலில் மலிவாக வாங்குபவர்கள் இதை வாங்குமுன் இழுத்துப் பார்க்கவேண்டும்.

இப்போது பற்றரியில் ஓடும் வாள்களும் வந்துவிட்டன. சிறு கொப்புகளுக்கு அவை போதும். சோக்கும் இல்லை, புகையும் இல்லை. பற்றரியை மட்டும் வீட்டுக்குள் சூட்டில் வைத்து, அங்கேயே சார்ஜ் பண்ணுங்கள்.

வெட்டுமுன் மூன்று வார்த்தை

விழுந்த கொப்பில் மின்கம்பி தொட்டிருந்தால் வாளைக் கீழே வையுங்கள். 10 மீற்றர் தள்ளி நின்று 911 ஐ அழையுங்கள். வீட்டு முன்னால் வீதியோரம் நிற்பது பெரும்பாலும் மாநகரசபையின் மரம். அதற்கு 311. உங்கள் சொந்த மரமானாலும், ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் அனுமதியின்றித் தறிக்கமுடியாது. ஊரில் எங்கள் வளவு மரம் எங்கள் மரம். இங்கே அப்படியில்லை. கண்ணாடி, காதுமூடி, தலைக்கவசம், வாள் தடுக்கும் காற்சட்டை, உறுதியான சப்பாத்து இல்லாமல் தொடவேண்டாம்.

நண்பரின் கதையை முடித்துவிடுகிறோம். புதுப் பெற்றோல் கலந்து, சூடாக்கிய பிளக்கைப் பூட்டி, முற்றத்துப் பனியில் வைத்து அவரையே இழுக்கச் சொன்னோம். மூன்றாவது இழுவையில் பற்றியது. பத்து மணிக்குப் பாதை திறந்தது. வேலைக்குப் பிந்தித்தான் போனார். “ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை அண்ணை” என்றார், மேல்மாடி யன்னலில் நின்று கையசைத்த பிள்ளைகளைப் பார்த்தபடி.

இன்றிரவு படுக்கப்போகுமுன் உங்கள் வீட்டு அலாரத்தின் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் நாளைக்கே பற்றரி மாற்றுங்கள். அதன் பின்பும் வராவிட்டால் அலாரத்தையே மாற்றுங்கள். மெசினைப் பிறகு பார்க்கலாம்.